காற்றில் வேலை செய்த புரதம்

பிப்ரவரி 5, திங்கள்

இது இப்படித்தான் ஆகும் என்று நான் ஆறு மாதத்துக்கு முன்பே சொன்னேன். யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் ரசாயனக் கம்பெனிக்காரன் சும்மா கொடுத்த இந்த டைரியை இன்று முதல் நானே எழுத ஆரம்பிக்கிறேன். நாளைக்கு நோபல் பரிசு கொடுக்க சுவீடனிலிருந்து ஆள் வந்து கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாளாவது வேண்டாமா?

விஷயம் இது. என் அக்கா மகள் கோகிலவாணி இந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஐந்தாவது வருடமாக முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறாள். நான், நாச்சிமுத்து, அதே ஆய்வகத்தில் உதவியாளர். ‘கண்ணாடிச் சாமான் கழுவுதல், ஆட்டோகிளேவ் இயக்குதல், பதிவேடு எழுதுதல்’ என்று ஆபீஸ் தாளில் போட்டிருப்பார்கள். அதையெல்லாம் நம்பக் கூடாது. நான் இல்லாவிட்டால் இங்கே ஒரு கிருமி வளராது. ஈரோட்டுச் சாயப்பட்டறையில் பதினெட்டு வருடம் பாய்லர் பார்த்தவன். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு என்னைப் புரியவில்லை, அவ்வளவுதான்.

வாணியின் வேலையை என்னைவிட எளிதாகச் சொல்ல ஆள் கிடையாது. நம் சதைக்குள் ஒரு புரதம் இருக்கிறது. அதன் நடுவில் ஒரே ஒரு இரும்பு அணு, மணவறையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். மூச்சில் வருகிற ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதற்கு ஆண்டவன் போட்ட வேலை. வாணி அந்தப் புரதத்தில் இங்கே ஒரு துண்டு அங்கே ஒரு துண்டு மாற்றி, எந்த உயிரும் இதுவரை செய்யாத வேலை ஒன்றை அதன் தலையில் கட்டுகிறாள். மூன்று கரி அணுக்களை முக்கோணமாகக் கோக்கிற வேலை. மருந்து செய்கிறவர்கள் அந்த முக்கோணத்துக்கு அலைகிறார்கள்.

வில்லங்கம் காற்றில் இருக்கிறது. ஆக்சிஜன் ஓடி வந்து பழைய உரிமையில் இரும்பின் மேல் உட்கார்ந்துகொண்டால் புது வேலை நடக்காது. அதனால் காற்றை வெளியேற்றிய கண்ணாடிப் பெட்டிக்குள், நைட்ரஜன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டும். திறந்த காற்றிலேயே இந்த வேலையைச் செய்கிற புரதம் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்பதுதான் வாணியின் ஐந்து வருடத் தவம்.

நேற்று ஞாயிறு. ஆறு குடுவை. மூன்றில் பழைய புரதம், மூன்றில் வாணி புதிதாக மாற்றியது. புரதம் தனியாக இல்லை, அதை வயிற்றில் வைத்திருக்கிற கிருமிகளோடு. ஆறையும் ஷேக்கரில் வைத்தாள். குடுவைகளை ஓயாமல் வட்டமாக ஆட்டி, உள்ளே காற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கிற பெட்டி அது. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை ஓட வேண்டும். வாணிக்கு அன்று பரீட்சை மேற்பார்வை. “மாமா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா சூடும் சுத்தும் பார்த்து எழுதீருங்க” என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை. ஆறு மணி நேரம் கண் இமைத்தேனா என்பதே சந்தேகம்.

இன்று இர்ஃபான் (வாணியோடு ஆராய்ச்சி செய்கிறவன், வாய் கொஞ்சம் நீளம்) மாதிரிகளை அளக்கிற மெஷினில் ஏற்றிப் பார்த்தான். புதுப் புரதம் இருந்த மூன்று குடுவையிலும் முக்கோணம்!

வாணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் ஓடி வந்து, “மாமா, காத்துலயே வேலை செஞ்சிருக்குதுங்க மாமா!” என்றாள்.

“நான்தான் சொன்னனே அம்மிணி” என்றேன்.

“எப்பச் சொன்னீங்க?” என்றான் இர்ஃபான்.

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த டைரி.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஆட்டோகிளேவ் (சாமான்களை நீராவியில் வேகவைத்துக் கிருமி கொல்கிற அண்டா) இரண்டு நடை. பிப்பெட் முனைகள் நாலு டப்பா அடுக்கினேன். குளிர் அறைக் கதவின் ரப்பர் பிய்ந்துவிட்டது, ஒட்டினேன்.

மெர்சி மேடம் (வாணியின் வழிகாட்டி, சிரிப்பதை அளந்து செலவழிக்கிறவர்) இன்று எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பதிவேட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நாலு. நாலு வரியிலும் சூடு 28, சுற்று 200, ஓரத்தில் ‘நா.மு.’ “இது முக்கியமான பக்கம், நாச்சிமுத்து. ஆறு மணி நேரமும் காற்று கலந்துகொண்டே இருந்தது என்பதற்கு இதுதான் சாட்சி” என்றார்.

காபியில் சர்க்கரை அதிகம். பாதிதான் குடித்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

திரும்பச் செய்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஆறு குடுவையும் சுத்தம்.

இது சகஜம். எந்தப் பெரிய கண்டுபிடிப்பும் இரண்டாம் தடவை முரண்டு பிடிக்கும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

மூன்றாம் தடவையும் இல்லை. வாணி ஷேக்கரின் முன்னால் முக்காலி போட்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன், ஆடை கட்டி ஆறிப்போனது.

“விஞ்ஞானி மாமா, அன்னிக்கு என்ன மந்திரம் போட்டீங்க? அதையே இன்னொருக்கா போடுங்களேன்” என்றான் இர்ஃபான்.

“கைராசிடா. உனக்கெல்லாம் வராது.”

வாணி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “மாமா, அன்னைக்கு வித்தியாசமா ஏதாவது நடந்துச்சுங்களா? ஞாபகப்படுத்திப் பாருங்க. சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல” என்றாள்.

ஞாபகப்படுத்திப் பார்த்தேன். காலையில் ஜன்னலில் ஒரு அணில் வந்தது என்று சொன்னேன். அணிலையும் எழுதிக்கொண்டாள். பாவம், அணில் வரவில்லை.

பிப்ரவரி 14, புதன்

குடுவைகள் நாற்பத்திரண்டு கழுவினேன். தலைவலி.

பிப்ரவரி 18, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. கத்திரிக்காய்க் குழம்பு. என் அக்கா பாப்பாத்தி, அவள் கை மணத்துக்கு அந்தக் காலத்தில் கவர்னரே தேடி வந்தார். (கவர்னர் இல்லை, தாசில்தார்.)

“என்ற புள்ள நாலு நாளா சோறே உங்கறதில்லடா முத்து” என்றாள் அக்கா. “கேட்டா, ஒண்ணுமில்லம்மாங்கறா. அங்க என்னடா நடக்குது? நீ பக்கத்துலதான இருக்கறே?”

“ஆராய்ச்சின்னா அப்படித்தான் அக்கா. பசி எடுக்காது. எனக்கே எடுக்கறதில்ல.”

“மூணாவது தட்டு சோறு போட்டிருக்கறேன் உனக்கு.” கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். “அன்னைக்கு காங்கேயத்துல காதுகுத்துக்கு நீ வீடியோல பேசுனியே, ஆய்வகத்துல நின்னுக்கிட்டு! சொந்தபந்தம் பூராத்துக்கும் இப்ப வாணியத் தெரியும். எங்க போனாலும், ‘உங்க புள்ள என்னமோ கண்டுபிடிச்சிருக்கறாளாம்’ங்கறாங்க. இப்ப அது இல்லைன்னு ஆனா அவ எப்படிடா வெளிய தலை காட்டுவா?”

கத்திரிக்காய் எந்தச் சந்தையில் வாங்கினது என்று கேட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மெர்சி மேடம் அறையில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த ஜன்னல்தான்.

மேடம் இந்த முடிவை, அது வந்த மூன்றாம் நாளே ஒரு பெரிய கூட்டத்தில் பேசிவிட்டாராம். அங்கிருந்து இரண்டு ஆய்வகங்கள் புரதத்தை வாங்கிச் செய்து பார்த்துவிட்டு, ‘எங்களுக்கு வரவில்லை’ என்று எழுதியிருக்கின்றன. நிலையத்தின் இயக்குநர் மூன்று பேராசிரியர்களைக் கொண்ட குழு போட்டுவிட்டார். வருகிற செவ்வாய், 27ஆம் தேதி, விசாரணை.

“வாணி, நான் நேராகவே கேட்கிறேன்” என்றார் மேடம். “கடையில் வாங்கின முக்கோணம் நம் அலமாரியில் இருக்கிறது. அதில் ஒரு சொட்டைக் குடுவையில் விட்டாலும் மெஷின் இதே கோட்டைத்தான் காட்டும். குழு இதைத்தான் கேட்கும். நீ விட்டாயா?”

“இல்லை மேடம்.”

“நான் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கை ஆதாரம் இல்லை. செவ்வாய்க்கிழமைக்குள் மறுபடி வர வேண்டும், இல்லையென்றால் ஏன் வந்தது என்றாவது சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஏமாற்று என்று எழுதி, உன் முனைவர் பட்டப் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். ஐந்து வருடம் போய்விடும்.”

வாணி கைக்குட்டையை எடுக்கவில்லை. கண்ணீரை அப்படியே விட்டுவிட்டு நின்றாள். நான் ஜன்னலை மறுபடி துடைத்தேன்.

பிப்ரவரி 22, வியாழன்

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

மத்தியானம் வாணி அந்தப் பழைய படத்தை எடுத்துக்கொண்டு கழுவுத் தொட்டிக்கு வந்தாள். மெஷின் போட்டுக் கொடுத்த கோடுகள். “மாமா, கை துடைச்சிட்டு இதைப் பாருங்க. புதுப் புரதம் இங்க பெரிய கோடு. சரிங்களா? இப்ப பழைய புரதத்தப் பாருங்க. இங்க, குட்டியா ஒரு மேடு. நான் அன்னைக்கு இதைக் கவனிக்கவே இல்ல. சந்தோஷத்துல விட்டுட்டேன்.”

“குட்டியாத்தான இருக்குது.”

“பழசு காத்துல வேலையே செய்யாதுங்க மாமா. நூறு தடவை பார்த்திருக்கறேன். காத்து இல்லைன்னா மட்டும் இந்த அளவு, இதே குட்டி மேடு வரும். அப்ப அன்னைக்கு அந்தக் குடுவைல காத்து இல்ல.”

“அதெப்படி இல்லாமப் போகும்? மூடியே கிடையாதே, வெறும் பஞ்சுதான வெச்சிருந்தே.”

“ஆட்டாம வெச்சா போயிரும். கிருமியும் மூச்சு விடுது இல்லைங்களா? ஆட்டிட்டே இருந்தாத்தான் புதுக் காத்து உள்ள போகும். நின்னுட்டா, இருக்கற ஆக்சிஜன அதுகளே உறிஞ்சித் தீர்த்துரும். அஞ்சு நிமிஷம் போதும். ஷேக்கர் நின்னுருந்தா எல்லாமே பொருந்துது.” படத்தை மடித்தாள். “நின்னுச்சுங்களா மாமா?”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு வாஷர் மாற்ற வேண்டும்.

“பதிவேட்டுல என்ன இருக்குது?” என்றேன்.

“ரெண்டு மணிக்கு இருநூறு சுத்துன்னு இருக்குது.”

“அப்பறம் என்ன?”

படத்தைப் பைக்குள் வைத்தாள். பிறகு, “சரிங்க மாமா. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும். நான்தான் எதையோ தப்பாச் செஞ்சிருக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திட்டியிருக்கலாம். இர்ஃபான் மாதிரி கிண்டல் செய்திருக்கலாம்.

பிப்ரவரி 23, வெள்ளி

ஒரு லிட்டர் பீக்கர் ஒன்று உடைந்துவிட்டது. நான் உடைக்கவில்லை. அதுவாக விழுந்தது.

பிப்ரவரி 24, சனி

வாணி அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறாள். எட்டிப் பார்த்தேன். ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதி, அடித்து, மறுபடி அதையே எழுதியிருந்தாள்.

இந்த வேலை போனால் எனக்கு ஆயிரம் வேலை. திருப்பூரில் பாய்லருக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள்.

பிப்ரவரி 26, திங்கள்

வரலாற்றில் இந்த நாளைக் குறித்து வைக்க வேண்டும். நான் பேசினேன்.

காலை ஒன்பதரைக்கு மெர்சி மேடம் அறைக்குப் போனேன். வாணியும் இருந்தாள். நின்றபடியே சொன்னேன். அன்றைக்கு மின்சாரம் போய்விட்டது. பன்னிரண்டு பத்துக்குப் போய், மூன்றே முக்காலுக்குத்தான் வந்தது. ஷேக்கர் தானாகத் திரும்ப ஓடவில்லை, நான்தான் போய் சுவிட்சைப் போட்டேன். திட்டுவீர்களோ என்று பயந்து பதிவேட்டில் எழுதவில்லை. இரண்டு மணிக் கட்டத்தில் 28, 200 என்று சும்மா நிரப்பினேன். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குரல் மட்டும் சிங்கம் மாதிரி இருந்தது. (நடுங்கியது.)

மேடம் போனில் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் போட்டோவை எடுத்துப் பார்த்தார். “நாச்சிமுத்து, மூன்று வாரம்!” என்றார் கடைசியில். “மூன்று வாரமாக இந்தப் பெண் செத்துக்கொண்டிருந்தாள்.”

வாணி என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “மேடம், இப்ப ஆரம்பிச்சா நாலு மணிக்கு முடிஞ்சிரும். பன்னெண்டு பத்துக்கு நிறுத்தறேன். மூணே முக்காலுக்குப் போடறேன்” என்று எழுந்து ஓடினாள்.

பன்னிரண்டு பத்துக்கு நிறுத்தினாள். ஆடி ஆடி ஓய்ந்து அந்தப் பெட்டி நின்றபோது ஆய்வகத்தில் வேறு சத்தமே இல்லை. குடுவைகளில் திரவம் தளும்பி அடங்கியது. நான் சாப்பிடப் போகவில்லை. இந்த முறை நிஜமாகவே நகரவில்லை. மூன்று மணி வாக்கில் வாணி பக்கத்தில் வந்து நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. என் ஆயுளில் அவ்வளவு நேரம் நான் வாய் மூடி இருந்ததில்லை.

ஐந்தே காலுக்கு இர்ஃபான் மெஷினிலிருந்து எழுந்து வந்தான். “வந்திருச்சு” என்றான். “புதுசுல பெரிய கோடு. பழசுல அதே குட்டி மேடு. அச்சு மாறாம அப்படியே.”

வாணி முக்காலியில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

குழு முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டது. ஏமாற்று இல்லை. பதிவேட்டுப் பிழை. வாணியின் பதிவுக்கு ஆபத்தில்லை.

ஆனால் காற்றில் வேலை செய்கிற புரதம் என்று ஒன்று இல்லை. காற்று இல்லாத இடத்தில், பழையதைவிட நன்றாக வேலை செய்கிற புரதம் ஒன்று இருக்கிறது. அதை வைத்து வாணி ஆய்வேட்டை முடிக்கலாமாம். மேடம் கூட்டத்தில் பேசினதைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதுகிறார்.

நான் வராந்தாவில் வாணியைப் பிடித்தேன். “பார்த்தியா அம்மிணி, நான் மட்டும் கரண்டு போன நேரத்தக் கரெக்டாச் சொல்லலைன்னா…”

“மாமா” என்றாள். “போதுங்க மாமா.”

பிப்ரவரி 28, புதன்

மத்தியானம் வாணி ஒரு தாளோடு வந்தாள். நான் கையெழுத்துப் போட வேண்டிய வாக்குமூலம். குழு கேட்டிருக்கிறது, அவளுடைய ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் சேர்க்கப் போகிறாள். தேதி, நேரம், பதிவேட்டில் எந்தக் கட்டம் பொய் என்பதெல்லாம் சுத்தமாகத் தட்டச்சு செய்திருந்தாள். ‘ஷேக்கர் நின்றதற்குக் காரணம்’ என்ற இடத்தில் மட்டும் நாலு வரி வெற்றிடம்.

“இதை ஏன் அம்மிணி விட்டுட்டே? கரண்டு போச்சுன்னு அடிச்சிர வேண்டியதுதான?”

அவள் நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தாள். “அந்த ஞாயித்துக்கிழமை இர்ஃபானோட மெஷின் காலைல இருந்து ஓடிட்டிருந்துச்சுங்க மாமா. வேற யாரோட மாதிரியோ. அதே சுவர், அதே கரண்டு லைன். ஒரு நிமிஷம்கூட நிக்கல. அவன் என்கிட்ட நேத்துத்தான் சொன்னான். வேற யாருகிட்டயும் சொல்லல.”

நான் ஃபியூஸ் என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நான் கேக்கல. கேட்டா நீங்க ஏதாவது சொல்லீருவீங்க. நானும் நம்பீருவேன். அதான் கேக்கல.” எழுந்தாள். “இது என் பேருக்குக் கீழ வர்ற தாளு. நாளைக்கு யாராவது ஒருத்தர் இர்ஃபான் மெஷினோட அன்னைக்குப் பதிவ எடுத்துப் பார்த்தாங்கன்னா, மறுபடி நான்தான் பொய்யி. நாளான்னைக்குக் காலைல மேடம்கிட்ட குடுக்கோணும். நீங்களே எழுதுங்க. என்ன எழுதினாலும் நான் படிக்காம வெச்சிருவேன்.”

படிக்காமல் வைத்துவிடுவாளாம்.

பிப்ரவரி 29, வியாழன்

இந்த வருடம் பிப்ரவரிக்கு ஒரு நாள் கூடுதல். என்னை மாதிரி ஆட்களுக்காகத்தான் கொடுத்திருக்கிறார்கள் போல.

ஆட்டோகிளேவ் ஒரு நடை. தொட்டிக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். சாப்பாட்டு இடைவேளையில் தாளை எடுத்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். முதலில் நாலு விதமாக யோசித்தேன். எலி வயரைக் கடித்தது. பிளக் தளர்ந்திருந்தது. ஷேக்கரே பழசு. ஒவ்வொன்றும் நன்றாகத்தான் வந்தது, எலிக்கு வால் கூட முளைத்துவிட்டது. நாலு வரிக்கு அதிகமாகவே வரும்.

அந்தத் தாளில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. அதனால் இங்கே முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

ஷேக்கரை நிறுத்தியது நான். பகல் பன்னிரண்டு பத்துக்கு காங்கேயத்துக் காதுகுத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். நாற்பது பேர் இருந்தார்கள். என் அக்கா மகள் உலகத்தில் யாரும் செய்யாததைச் செய்கிறாள், அவளுக்கு வலது கை நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஷேக்கர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று சுவிட்சை அமுக்கினேன். பேசி முடித்ததும் சாப்பிடப் போனேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். மூன்றே முக்காலுக்கு வந்து பார்த்துப் போட்டேன், இரண்டு மணிக் கட்டத்தை அப்போது நிரப்பினேன்.

மின்சாரம் போகவில்லை. அது நானாகச் சொன்னது.